ஒட்டவைத்த ஜாடி

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஜாடியைப் பார்த்ததும் வெர்டெல் சிம்மன்ஸுக்குத் திக்கென்றது.

அம்மாவின் ஜாடி. நீலப் பூப்போட்டது. அம்மா கடைசியாகத் தண்ணீர் குடித்தது அதிலிருந்துதான். அடக்கம் முடிந்த கையோடு அதைக் கல்லறைக்குக் கொண்டுபோய், உடைத்து, மண்மேல் வைத்தவள் வெர்டெல். உடைத்துத்தான் வைக்க வேண்டும். அவர்களுடைய அந்தக் கடலோரத் தீவில் எல்லாக் குடும்பமும் அப்படித்தான். போனவரோடு சங்கிலி அறுந்தால்தான் வீட்டில் இருப்பவர் பின்னாலேயே போக மாட்டார்.

இப்போது ஜாடி முழுசாக நின்றது. விரிசல்கூடத் தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள்!

"என்னக்கா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றபடி வந்தான் தம்பி ரூஃபஸ். கையில் தட்டு, தட்டில் சிவப்புச் சோறும் பொரித்த இறாலும். மறுநாள் காலை சார்ல்ஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் அவனுக்கு இதய ஆபரேஷன். அவனுக்குத் துணையாகக் குளிர்காலம் பூராவும் வெர்டெல் அங்கேயே கிடந்தாள். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

ஜாடியைக் காட்டினாள். ரூஃபஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

"சும்மா இரு. பழைய நம்பிக்கை. என் நெஞ்சைப் பாக்க டாக்டர் இருக்காரு" என்றான். ஆனால் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

மவுண்ட் பிஸ்கா தேவாலயத்தில் அன்று திருவிழாக் கூட்டம். வெர்டெலின் கறுப்பின முன்னோர் அடிமைகளாகச் சுட்ட செங்கல், அடிமைகளாக எழுப்பிய சுவர். கட்டியவர்களுக்குக் கீழே இடமில்லை என்று மேலே மாடத்தில் ஏற்றி உட்கார வைத்த காலம் ஒன்று உண்டு. அந்த மாடத்துக்கு நேர் கீழேதான் கண்ணாடிப் பெட்டிகள். கரையோர மரபுச் சங்கத்தின் காட்சி. ஒவ்வொன்றின் அடியிலும் அழகான அட்டை. அம்மாவின் ஜாடிக்குக் கீழே அச்சிட்டிருந்தது: 'உரிமையாளர்: தெரியவில்லை.'

வெர்டெலுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"யாருக்குத் தெரியல?"

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தை நடத்திய குரல். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சங்கத்து வெள்ளைக்காரப் பெண் லிண்ட்ஸே சிரித்த முகத்தோடு ஓடி வந்தாள். "அருமையான பொருள், இல்லையா மேடம்? துண்டு துண்டா கிடந்துச்சு. நானே உக்காந்து ஒட்டினேன்."

"உன்னை யாரும்மா ஒட்டச் சொன்னது?"

லிண்ட்ஸே திரும்பிப் பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டர் ஹோலிஸும் கறுப்பர்தான், ஆனால் இந்தச் சபைக்குப் புதியவர், பெரிய நகரத்துப் படிப்பு. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"சிஸ்டர் சிம்மன்ஸ், கல்லறைத் தோட்டம் பூரா உடைஞ்ச பாத்திரமா கிடந்துச்சு. குப்பைன்னுதான் நினைச்சேன். இவங்க வந்துதான் அதோட மதிப்பைச் சொன்னாங்க."

"கழுவித் திரும்ப வைப்போம்னு எங்ககிட்ட சொன்னீங்களே!" பின்வரிசையிலிருந்து எர்னஸ்டின் கத்தினாள். அவள் தலையில் இருந்த ஊதாத் தொப்பி ஆடியது. "எம் புருஷனோட காபிக் கோப்பை எங்கே?"

"இங்க பத்திரமா இருக்கு சிஸ்டர். கூரை ஒழுகுது, தெரியுமில்ல? சங்கம் புதுசா போட்டுத் தருது. பதிலுக்கு இதையெல்லாம்..."

"கூரைக்கு எங்க அம்மாவைக் கொடுத்தீங்களா?" வெர்டெல் ஒரு அடி முன்னே வைத்தாள். "எங்க ஆளுங்களைக் கேக்காம எடுத்துட்டுப் போறது இந்த ஊருக்குப் புதுசில்ல பாஸ்டர். எடுத்துக் கொடுத்தது நம்ம ஆளுங்கிறதுதான் புதுசு."

"ஆமென்!" என்றது பின்வரிசை.

"பெட்டியைத் திற" என்றாள் லிண்ட்ஸேயிடம்.

"முடியாது மேடம். இது இப்போ பாதுகாக்கப்பட்ட மரபுச் சொத்து."

"சிஸ்டர், அமைதி. அப்புறம் நான் ஷெரீஃபைக் கூப்பிட வேண்டியிருக்கும்" என்றார் பாஸ்டர்.

"கூப்பிடுங்க. எங்கிட்ட கணக்குல ரெண்டு தடவை ஃபெயில் ஆனவன். வரட்டும், பேசிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். லிண்ட்ஸே சிரிக்கவில்லை. சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். அப்போதுதான் ரூஃபஸ் வந்து அவள் எதிரே நின்றான். மெதுவாகத்தான் வந்தான், நடந்தாலே மூச்சு வாங்கியது.

"மிஸ், நாளைக்கு என் நெஞ்சைத் திறக்கப் போறாங்க. நீங்க ஒரு பெட்டியைத் திறக்கக் கூடாதா?"

லிண்ட்ஸேயின் முகம் வெளுத்தது. பூட்டில் சாவி நுழைய மறுத்தது. இரண்டாம் முறை நுழைந்தது.

வெர்டெல் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறினாள். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கிளிஞ்சல் இல்லை, தட்டு இல்லை, விளக்கு இல்லை. கோல்ஃப் மைதானம் மாதிரி வழித்து வைத்திருந்தார்கள்!

"வேணாம் மேடம், ப்ளீஸ்!" பின்னால் லிண்ட்ஸேயின் குரல் உடைந்தது.

வெர்டெல் திரும்பவே இல்லை. ஜாடியை அம்மாவின் கல்லறை விளிம்பில் ஓங்கி அடித்தாள்.

சிலீர்!

ரூஃபஸ் தொப்பியைக் கழற்றினான். பழைய நம்பிக்கை என்று இந்த முறை சொல்லவில்லை. தெறித்துப் போன ஒரு சில்லைக் குனிந்து எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்தான்.

அதற்குள் எர்னஸ்டின் தன் புருஷனின் கோப்பையோடு வந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னொருத்தி, சோப்புக் கிண்ணத்தோடு. பின்னால் ஒரு கிழவர், அண்ணனின் புகைக்குழாயோடு. ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு சத்தம். விருந்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் தட்டைக் கையில் பிடித்தபடி விலகி வழிவிட்டார்கள்.

வெர்டெல் மறுபடி உள்ளே போனாள். பெட்டிகள் காலியாகியிருக்கும் என்று நினைத்தாள். இல்லை. பாதி அப்படியே இருந்தது. வடக்கே வேலை தேடிப் போன குடும்பங்களின் சாமான்கள், கேட்க ஆளில்லாத சாமான்கள். காது உடைந்த ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்தாள்.

"இது எந்தக் கல்லறையில இருந்துச்சு?"

"அது வந்து... வெள்ளைப் பீங்கானெல்லாம் ஒண்ணா, கண்ணாடியெல்லாம் ஒண்ணா பிரிச்சோம்" என்றாள் லிண்ட்ஸே.

"யாரோடதுன்னு கேட்டேன்."

லிண்ட்ஸேயின் கண் நிறைந்தது. வெர்டெலுக்கு இரக்கம் வரவில்லை.

கோப்பையைப் பாஸ்டரின் கையில் திணித்தாள்.

"போங்க. ஒவ்வொரு கல்லறையா நின்னு, இது உங்களுதான்னு கேளுங்க. யாராவது ஆமான்னு சொன்னா, அங்க வைங்க."

பாஸ்டர் கோப்பையோடு பக்கவாசல்வரை போனார். வெளியே பார்த்தார். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.