பன்னிரண்டாவது ஆள்

ஆர்லிஸின் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. முடி வெட்டுகிறவளுக்கு அது நல்ல குணம்தான். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேரின் தலை அவள் கையில் இருக்கிறது. வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலி, தலைமேல் கவிழ்க்கிற பழைய முடி உலர்த்தி ஒன்று, சூடு ஆறாத காபி ஜாடி ஒன்று. அங்கே உட்கார்ந்து யார் எதைச் சொன்னாலும் அவள் கத்தரிக்கோலை ஆட்டியபடி, "ஆமா, நானும் அதையேதான் நினைச்சேன்" என்பாள். நாற்பது வருடமாக அவளைப் பார்க்கிறேன். அவள் என்னதான் நினைக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை, சோளம் அறுத்து வயல் மொட்டையானதும், நாட்டை ஆள ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் முதல் வாக்கெடுப்பு நடக்கிற அயோவா மாநிலத்துக்கு வந்து எங்கள் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அந்த மாதங்களில் ஆர்லிஸின் முன்னறையில் வேறு பேச்சே கிடையாது. அந்த வருடப் பேச்சு இது: கவர்னர் கிராண்டலுக்குப் பல் கொஞ்சம் அதிகம், ஆனால் டிவியில் எடுப்பாக இருக்கிறார். செனட்டர் பெல்மன் மகா கெட்டிக்காரி, ஆனால் மாநிலக் கண்காட்சியில் குச்சியில் செருகிய பன்றிக்கறியைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல் பிடித்தாள், அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஒட்டவில்லை. ஸ்ட்ரவுட் என்று ஒருவர் இருந்தார், கணக்கு வாத்தியாராக இருந்து காங்கிரசுக்குப் போனவர். அவரைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நல்ல மனுஷன், எனக்குப் பிடிக்கும், ஆனால் மற்றவர்கள் போடமாட்டார்கள், ஜெயிக்க மாட்டார். இதைச் சொன்ன மற்றவர்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் அவர் ஜெயித்திருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆர்லிஸ் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள்.

மார்வாவுக்கும் அப்படித்தான் ஆமாம் போட்டாள்.

மார்வாவின் கணவர் லீராய் இறைச்சித் தொழிற்சாலையில் சங்கத் தலைவராக இருந்தவர். எங்கள் வட்டத்தில் ஏதாவது ஒரு வேட்பாளருக்கு ஆள் திரட்டுவது எப்போதும் அவர்தான். அந்த இலையுதிர் காலத்தில் வாதம் வந்து அவருடைய பேச்சையும் வலது பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒருநாள் ஸ்ட்ரவுட் அவர்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். மற்றவர்கள் வாசலிலேயே கைகுலுக்கிவிட்டு ஓடினார்கள். இவர் கோட்டைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தார், லீராய் சைகையில் கேட்டதெல்லாம் புரிகிறவரை காத்திருந்து பதில் சொன்னார். அவர் போனதும் லீராய் அவருடைய பேர் போட்ட வில்லையை இடது கையால் எடுத்து மார்வாவின் ஸ்வெட்டரில் குத்திவிட்டார். இனி நீதான் என்று அதற்கு அர்த்தம்.

பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரைகூடக் கேட்டு வாங்காத மார்வா, ஸ்ட்ரவுட்டுக்கு ஆள் கேட்டுப் பனியில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். ஆர்லிஸிடம், தலையில் சுருள் போட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"அன்னிக்கு என்கூட நிப்பியாடி?"

"உன்கூட நிக்காம நான் வேற எங்கடி போகப்போறேன்?" என்றாள் ஆர்லிஸ்.

அதே வாரம் வங்கி மேனேஜரின் மனைவி ஜெனெட்டும் கேட்டாள். ஜெனெட் கவர்னருக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆர்லிஸ் ஆமாம் சொன்னாள். பெல்மனுக்காகக் கதவைத் தட்டிய கல்லூரிப் பெண்ணுக்கு ஆமாமும் சொல்லி, குளிருகிறதே என்று காபியும் கொடுத்து அனுப்பினாள். சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிற ஊராக இருந்தால் இதில் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் கூடுகிற காகஸில் பெட்டி கிடையாது. ஊர் பார்க்க, யாருக்கு ஆதரவோ அவர்களுடைய மூலையில் போய் நிற்கவேண்டும். நேரில் வந்து நிற்கிறவர்தான் கணக்கு. வீட்டில் நாற்காலியில் கிடக்கிற லீராய் கணக்கில்லை.

காகஸ் நடந்த மாலை பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் மதியம் போட்ட மிளகாய்க்கறி வாசனையும் இலவங்கப்பட்டை ரொட்டி வாசனையும் இன்னும் இருந்தன. நான்தான் அன்றைக்குத் தலைமை. வந்தவர்களை எண்ணி, ஒரு மூலை தேறுவதற்குக் குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும் என்று அறிவித்தேன். கவர்னரின் கூட்டம் சூடேற்றிப் பக்கத்தில் வசதியாகப் பரவியிருந்தது. மார்வாவுக்குக் கிடைத்தது பால் டப்பா வைக்கும் குளிர்பெட்டி மூலை. பழைய சங்கத்து ஆட்கள், இரண்டு ஆசிரியைகள், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற கிழவர் என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்கள்.

கதவை மூடப்போகும் நேரத்தில் ஆர்லிஸ் பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். மார்வா அவளைப் பார்த்துக் கையைப் பாதி தூக்கினாள். அதற்குள் ஜெனெட்டின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ஆர்லிஸ், இங்க வா, உனக்குன்னு இடம் வெச்சிருக்கேன்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லிஸ் ஒரு நொடி நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சூடேற்றிப் பக்கம் போனாள். மார்வாவின் கை மெல்ல இறங்கியது.

எண்ணினேன். மார்வாவின் மூலையில் பதினொன்று. மறுபடியும் எண்ணச் சொன்னாள், எண்ணினேன். பதினொன்றுதான். இனி அரை மணி நேரம் யார் எங்கே வேண்டுமானாலும் மாறலாம், பேசி அழைத்துக்கொள்ளலாம் என்றேன். அதுதான் எங்கள் முறை. மார்வா கூடத்தின் குறுக்கே நடந்து நேராக ஆர்லிஸிடம் வந்தாள். கெஞ்சவில்லை, வாதாடவில்லை.

"ஒரே ஒரு ஆள்தான்டி குறையுது. லீராய் ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பாரு. வருவியா?"

ஆர்லிஸ் ஜெனெட்டைப் பார்த்தாள், மார்வாவைப் பார்த்தாள். "இதோ வரேன்டி. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

போனவள் வரவில்லை. மார்வா குளிர்பெட்டிப் பக்கம் நின்று அந்தக் கதவையே பார்த்தபடி இருந்தாள். நான் கடிகாரத்தையும் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்த் தட்டியிருக்கலாம். தலைமை எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு நிமிடம்கூடக் கூட்டித் தரவில்லை. நேரம் முடிந்தது என்று நான் சொன்ன பிறகுதான் அவள் நனையாத கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவ்வளவு நேரமும் மூடிய கழிப்பறை இருக்கைமேல், யாராவது குனிந்து பார்த்தால் பூட்ஸ் தெரியக்கூடாது என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை அறையலாம் போலவும் இருந்தது.

தேறாத மூலை கலையவேண்டும். பதினொரு பேரில் சிலர் பெல்மனிடம் போனார்கள், சிலர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மார்வா கவர்னர் கூட்டத்துக்கு வந்து ஆர்லிஸின் பக்கத்தில் நின்றாள்.

"எங்கயாவது நிக்கணும்ல. உன் பக்கத்துலயே நின்னுடறேன்" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஆர்லிஸ் பிழைத்திருப்பாள்.

மறுநாளே ஸ்ட்ரவுட் போட்டியிலிருந்து விலகிவிட்டார். எங்கள் ஒரு மூலையால் அல்ல. மாநிலம் முழுக்க இதே கதைதான், பிடிக்கும், ஆனால் ஜெயிக்க மாட்டார். ஆர்லிஸ் அதைப் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள்.

"நான் ஒருத்தி அங்க நின்னிருந்தா மட்டும் என்னடி ஆகியிருக்கும், லாவோன்?"

"பன்னெண்டு ஆகியிருக்கும்" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம் அவள் ஆளே மாறிப்போனாள். ஒருத்திக்கு முன்முடியைக் கோணலாக வெட்டிவிட்டாள். கண்ணாடியில் அவள் தன் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கவனித்தேன். உருளைக்கிழங்கும் கோழியும் வைத்து ஒரு பெரிய தட்டு நிறைய வேகவைத்து மார்வா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் ஓடிவந்தாள். மார்வா இரண்டாம் நாள் அந்தத் தட்டைக் கழுவி, அதில் ஓட்ஸ் பிஸ்கட் நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் வெறும் தட்டைத் திருப்பித் தருவதில்லை. ஆர்லிஸால் அந்த பிஸ்கட்டில் ஒன்றைக்கூட விழுங்க முடியவில்லை. கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மார்வா எப்போதும்போல் தலைக்குச் சுருள் போட வந்தாள். நான் உலர்த்திக்கு அடியில் இருந்தேன், அது ஓய்ந்திருந்தது. லீராய்க்கு முடி காதை மூடிவிட்டது, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து வெட்டிவிடுகிறாயா என்று கேட்டாள். ஆர்லிஸ் தலையை ஆட்டினாள்.  மார்வா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"லீராய்கிட்ட நான் நிஜத்தைச் சொல்லல, ஆர்லிஸ். ஸ்ட்ரவுட் விலகினது டிவியில பாத்துட்டாரு. ஆனா நம்ம மூலை தேறிடுச்சுன்னு சொல்லிட்டேன். அது ஒண்ணுதான் அவரு கேட்டாரு. பன்னெண்டு பேர்னு சொன்னேன். விரலை ஒண்ணொண்ணா மடக்கி, யார் யாருன்னு கேட்டாரு. பதினொரு பேரைச் சொல்லிட்டேன். பன்னெண்டாவதுக்கு உன் பேர்தான் வாயில வந்துச்சு."

ஆர்லிஸின் கையிலிருந்த சீப்பு அசையவே இல்லை.

"அவரு கேட்டா, அப்படியே சொல்லிடு" என்றாள் மார்வா.

சனிக்கிழமை ஆர்லிஸ் என்னையும் கூட வரச்சொன்னாள். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்றாள். லீராய் சாலை தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மார்வா எங்களுக்கு முதுகைக் காட்டி அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆர்லிஸ் அவர் கழுத்தில் துணியைக் கட்டி வேலையை ஆரம்பித்தாள். பின்பக்கம் வெட்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. முன்பக்கத்துக்கு வந்ததும் லீராய் துணிக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தரிக்கோலோடு அந்தக் கை அப்படியே நின்றது.

பிறகு ஜன்னல் கட்டையில் துழாவி ஸ்ட்ரவுட்டின் வில்லை ஒன்றை எடுத்தார். ஒற்றைக் கையால் அதை அவள் மேலங்கியில் குத்தப் பார்த்தார். ஊசி வழுக்கியது. மறுபடியும் குத்தினார். அவருக்கு உதவினால் பிடிக்காது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் யாரும் அசையவில்லை. ஆர்லிஸ் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவர் குத்தி முடிக்கிறவரை நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

குத்தி முடித்ததும் லீராய் என் பக்கம் திரும்பினார். தலைமை நான்தானே. ஐந்து விரலைக் காட்டினார், மறுபடி ஐந்து, பிறகு இரண்டு.

ஒரு நிமிடம் கூட்டித் தராத நான் சொன்னேன். "ஆமா லீராய். பன்னெண்டு. நானே எண்ணினேன்."

அவர் ஆர்லிஸைப் பார்த்தார். மார்வாவின் கரண்டி நின்றுவிட்டது. ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். உண்மையைக் கொட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவாளோ என்று பயந்துபோனேன். வாழ்நாள் முழுக்கக் காற்றில் ஊதிவிட்ட அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு அவள் தொண்டையைவிட்டு வர மறுத்தது.

"ஆமா" என்றாள் கடைசியில். "நான்தான் பன்னெண்டாவது."

லீராயின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அவள் கையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். நன்றி சொல்கிறார் என்று புரிந்தது. ஆர்லிஸ் மீதி முடியை எப்படி வெட்டி முடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஒழுங்காகத்தான் வெட்டியிருந்தாள்.

காரில் ஏறியும் அவள் வண்டியைக் கிளப்பவில்லை. வில்லையைத் தொட்டாள், கழற்றப்போனாள், விட்டுவிட்டாள். அப்போது மார்வா கோட்டுப் போடாமல் பனியில் நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினாள். ஆர்லிஸ் இறக்கினாள்.

"அடுத்த மாசமும் அவருக்கு வெட்டணும். வருவியா?"

"வரேன்டி" என்றாள் ஆர்லிஸ்.

மார்வா உடனே போகவில்லை. கண்ணாடி விளிம்பில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். காகஸ் நடந்த மாலையிலிருந்து ஒரு வார்த்தை கடிந்து பேசாதவள், அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"நிஜமாவா?" என்று கேட்டாள்.

ஆர்லிஸால் அதற்கு ஆமாம் சொல்ல முடியவில்லை.