கூட என்ன தருவீங்க?

விலையைச் சொன்ன மறு நொடியே "சரி" என்று தலையாட்டிவிடும் மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக் அந்த ரகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை எல்லாம் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவந்தவர், கடைக்காரர் முன்னால் நின்றால் மட்டும் வாயில்லாப் பூச்சி ஆகிவிடுவார். தக்காளி வாங்கினாலும் அப்படித்தான், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்தாலும் அப்படித்தான்.

அதனால்தான் அவர் புதுக் கார் வாங்கப் போகிறேன் என்றதும் வெளியூரில் இருக்கும் மகள் போனிலேயே அலறினாள்.

"அப்பா, தனியாப் போய்டாதீங்க. உங்க தலையில மிளகா அரைச்சுடுவாங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க."

"அம்மா வருவாளா?"

"கேட்டாத்தானே தெரியும்?"

மகளுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். அப்பாவும் அம்மாவும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஐந்து வருஷம் ஆகிறது. கோர்ட், வக்கீல் என்றெல்லாம் யாரும் போகவில்லை. அவர் பழைய வீட்டிலேயே இருந்தார். அவர் மனைவி, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃப்ளாட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாத்திரை தீர்ந்தால் அவர் போன் செய்வார். அவள் வாங்கி அனுப்புவாள். "ஹலோ" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். வாழ்நாளெல்லாம் "என்னங்க" என்று கேட்டே பழகிய காதுக்கு அந்த "ஹலோ" ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

இங்கே ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது நல்லது. பஸ் படியேறினால் முழங்கால் வலிக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொன்னது பொய்யில்லை. ஆனால் கார் வேண்டும் என்பதைவிட, கார் வாங்க அவளைக் கூப்பிடலாம் என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. "வீட்டுக்கு வா" என்ற இரண்டு வார்த்தை ஐந்து வருஷமாகத் தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது. "கார் வாங்க வா" என்று கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. வேலை முடிந்த கையோடு மற்றதையும் சொல்லிவிட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

அவள் வந்தாள். அவருக்கு முன்னாலேயே வந்து ஷோரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மை போடுவதை விட்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவே இருந்தது.

"ஏற்கெனவே வந்து பாத்தீங்களா? பிடிச்சிருக்குன்னு வாயைத் திறந்தீங்களா?"

"இல்ல. நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னேன்."

"போச்சு." தலையில் அடித்துக்கொண்டாள். "சரி, உள்ள போனதும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கோங்க."

அதற்கு அவர் சிரமப்பட வேண்டியதே இல்லை. அவர் முக அமைப்பே அப்படி.

உள்ளே ஏசி குளிர் முதுகில் ஏறியது. கண்ணாடிச் சுவர், முகம் தெரியும் தரை, மூலையில் காப்பி மிஷின். கையில் டேப்லெட்டோடு ஒரு இளம்பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "வாங்க சார், வாங்க மேடம். சில்வர் பேக்கேஜ், கோல்ட் பேக்கேஜ் ரெண்டும் இருக்கு. எல்லாமே ஃபிக்ஸ்டு."

"ஃபிக்ஸ்டு" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் மனைவியின் முதுகு நிமிர்ந்ததை மெக்கானிக் பார்த்தார். அதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

முதல் கார் வாங்கிய நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது. அப்போது மகளுக்கு முன்பல் விழுந்திருந்த வயசு. அந்த ஷோரூமில் ஏசி எல்லாம் கிடையாது. தலைக்கு மேலே கடகடவென்று ஒரு ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலிகள், புது ரப்பர் வாசனை. மெக்கானிக் காரை ஒரு சுற்று சுற்றி வந்து "எடுத்துக்கலாம்" என்றதுதான் தாமதம், அவள் அவர் காலை நறுக்கென்று மிதித்துவிட்டு விற்பனைக்காரரிடம் கேட்டாள்: "விலை இருக்கட்டும். கூட என்ன தருவீங்க?"

அப்புறம் நடந்ததை அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கால் மேட் வந்தது. சேறு தெறிக்காமல் தடுக்கும் மட் ஃப்ளாப் வந்தது. சீட் கவர் மட்டும் முடியாது என்று அந்த ஆள் ஒற்றைக்காலில் நின்றார். இவளா விடுவாள்? கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். கடைசியில், மேஜை மேல் அழகுக்கு வைத்திருந்த பொம்மைக் காரையும் மகள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, "குழந்தை கேக்குது, இல்லைன்னா சொல்லப்போறீங்க?" என்றாள். மேனேஜரே வெளியே வந்து, "அம்மா, எங்க கடைக்கு வேலைக்கு வந்துடுங்களேன்" என்று கும்பிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மூன்று பேரும் சிரித்தார்கள். சீட்டில் ஒட்டியிருந்த பாலிதீன் உறையைப் பிரிக்க மனசு வராமல், வெயிலில் முதுகு ஒட்ட ஒட்டச் சில மாசம் அப்படியே ஓட்டினார்கள். அதைவிடச் சந்தோஷமான ஒரு காலம் தனக்கு வாய்க்கவில்லை என்று அவர் இப்போது நினைத்துக்கொண்டார்.

அந்த நாளில்தான் அவள் தன் பெரிய அஸ்திரத்தை அவருக்குக் காட்டினாள். பேச்சு முற்றிக் கடைக்காரர் இறங்கி வராவிட்டால், "வேணாம், நான் போறேன்" என்று எழுந்து வாசலைப் பார்த்து நடப்பாள். வாசலில் நின்று கைப்பையைத் திறந்து எதையோ தேடுவாள். ஓடி வந்து கூப்பிடுவதற்குக் கடைக்காரருக்கு அவகாசம் தர வேண்டாமா? மெக்கானிக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"என்ன ஆனாலும் நீங்க என்னைக் கூப்பிடக் கூடாது. நீங்க கூப்பிட்டா நமக்கு வேணும்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். அதோட சரி, ஒரு ஸ்க்ரூ கூட இலவசமாத் தரமாட்டான்."

அவர் கெட்டிக்கார மாணவர். ஃப்ரிஜ் வாங்கும்போதும் கூப்பிடவில்லை, கட்டில் வாங்கும்போதும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைக்காரர்தான் ஓடினார். அவள் ஜெயித்துத் திரும்பி வந்து உட்கார்வாள்.

அந்தக் காரைத்தான் ஐந்து வருஷத்துக்கு முன் அவர் விற்றார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வந்தவன் சொன்ன முதல் விலைக்கு, அடிமாட்டு விலைக்கு. அவள் வேலை முடிந்து வந்தபோது கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. "பழைய இரும்புதானே" என்றார் அவர். அவள் அழுதாள். சண்டை எங்கெங்கோ போயிற்று. எப்போதோ மறந்துபோனதெல்லாம் பேச்சில் வந்தது. கடைசியில் பையை எடுத்துக்கொண்டு, "நான் போறேன்" என்றாள். அவர் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் போய்விட்டாள்.

"இது கோல்ட் பேக்கேஜ் மேடம்," என்றாள் டேப்லெட் பெண். "மேட், சீட் கவர், ரிவர்ஸ் கேமரா எல்லாம் வரும். சில்வர்ல மேட் மட்டும்."

"சில்வர் விலைக்கு கோல்ட் குடுங்க."

"அது முடியாது மேடம். சிஸ்டம் எடுத்துக்காது."

"சிஸ்டத்துக்கிட்ட நான் பேசலைம்மா. உன்கிட்ட பேசறேன்."

மெக்கானிக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவள் காரைச் சுற்றி வந்து குறை சொல்ல ஆரம்பித்தாள். இந்தக் கலரில் தூசி தெரியும். டிக்கியில் ரெண்டு பை வைத்தால் மூன்றாவது பைக்கு இடமில்லை. பக்கத்துத் தெரு ஷோரூமில் கேமரா சும்மாவே தருகிறார்கள். "என்னங்க, அங்கயே போயிருக்கலாம்னு நான் அப்பவே சொல்லல?" என்று இவர் பக்கம் திரும்பினாள்.

என்னங்க! நடிப்புக்குச் சொன்னதுதான், அவருக்குத் தெரியாதா? இருந்தும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"மேடம், உக்காந்து பாருங்க. சீட் உயரம் உங்களுக்குச் சரியா இருக்கான்னு."

அவள் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கை தானாகக் கீழே போய் சீட்டை முன்னால் இழுத்தது. கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளிவிட்டு இறங்கினாள்.

"எனக்கு எதுக்கும்மா? அவர் தனியாத்தான் ஓட்டப் போறாரு."

சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுவே நல்ல சமயம். மெக்கானிக் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

பேச்சு நீண்டது. சீட் கவர் கிடைத்தது. கேமராவுக்கு மட்டும் அந்தப் பெண் அசையவில்லை. சிரித்த முகம் மாறாமல் "முடியாது மேடம்" என்றாள். பழைய விற்பனைக்காரர்கள் கோபப்படுவார்கள், கெஞ்சுவார்கள். இந்தப் பெண்ணிடம் பாச்சா பலிக்கவில்லை. கடைசியில் அவர் மனைவி எழுந்தாள்.

"வேணாம். நான் போறேன்."

மெக்கானிக் பழக்கதோஷத்தில் நாற்காலியில் அழுந்தி உட்கார்ந்தார். இனி டேப்லெட் பெண் பின்னால் ஓட வேண்டும். அவளோ ஓடவில்லை. "நான் மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன் சார், நீங்க காப்பி சாப்பிடுங்க" என்று எதிர்ப்பக்கத்து அறைக்குள் போய்விட்டாள்.

அவர் மனைவி வாசலை அடைந்தாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அவள் நின்று கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். கதவு மூடப் பார்த்தது, அவள் நிற்பதைக் கண்டு மறுபடி திறந்தது. பின்னால் யாரும் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. அது அவள் போட்ட சட்டம்.

அப்போதுதான் மெக்கானிக்குக் கண் திறந்தது. அன்றைக்கும் வீட்டு வாசலில் அவள் இப்படித்தான் நின்றாள். செருப்பு வாரை மாட்டிக்கொண்டே இருந்தாள், மாட்டிக்கொண்டே இருந்தாள். இதோ திரும்பி வந்து உட்காரப் போகிறாள் என்று இவர் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். கடையில் என்றால் ஓடிப்போய்க் கூப்பிட ஒரு ஆள் இருப்பார். வீட்டில் அவரை விட்டால் வேறு யார் இருந்தது?

"ஏம்மா! நில்லு!"

அவருக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. ஷோரூம் முழுக்கத் திரும்பியது. முழங்கால் கடகடக்க எழுந்து, மினுமினுக்கும் தரையில் வழுக்கிவிடாமல் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வாசலுக்குப் போனார்.

"போகாத."

அவள் திரும்பினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கெடுத்தீங்களே! இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா கேமரா வந்திருக்கும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கூப்பிடக் கூடாதுன்னு?"

"கேமரா வேணாம்."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அன்னைக்குக் கூப்பிடலை இல்ல. அதுக்குத்தான்."

அவள் கைப்பையை மூடினாள். மூடிய பையை வெறித்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் என்ன பேரம் பேசவா போனேன்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "வாசல்ல நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். நீங்க பேசாம உக்காந்திருந்தீங்க."

"நீ திரும்பி வந்துடுவேன்னு நெனச்சேன். எப்பவும் வருவியே."

"யாராவது கூப்பிட்டா வருவேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கூடத் தோன்றாமல், ஐந்து வருஷமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்ததைச் சொன்னார். "வீட்டுக்கு வா."

வெளியே ஒரு புதுக் காருக்கு யாரோ தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்தாள்.

"அன்னைக்குக் கூப்பிடாம இன்னைக்குக் கூப்பிட்டா, எழுந்து வந்துட முடியுமா? எனக்குன்னு ஒரு வீடு இருக்கு இப்ப. ஜன்னல்ல செடி வெச்சிருக்கேன். ராத்திரி யாரும் குறட்டை விடறதில்ல. நல்லாத் தூங்கறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை மட்டும். காலையில வந்து கூட்டிட்டுப் போங்க, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடுங்க."

"சரி," என்றார் மெக்கானிக் அவசரமாக. எங்கே மனசு மாறிவிடுவாளோ என்ற பயம். "சரி, ஞாயித்துக்கிழமை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் நீர் நிற்கும்போதே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொன்னதும் சரின்னுடுவீங்களா? காரை வித்த மாதிரி? கொஞ்சமாவது பேரம் பேசுங்களேன்!"

அதற்குள் டேப்லெட் பெண் வெளியே வந்து, "சார், மேனேஜர் கேமராவுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"இரும்மா, அப்புறம்," என்று மெக்கானிக் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். தன் ஆயுசில் இதுவரை பேரம் பேசியறியாத அந்த மனிதர் ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமையும் சேத்து," என்றார்.

"சனிக்கிழமை எனக்கு மதியம் வரைக்கும் டியூட்டி."

"டியூட்டி முடிஞ்சதும் வாசல்ல நிக்கறேன். செடியையும் எடுத்துக்கலாம், பின் சீட்ல இடம் இருக்கு."

"செடி வராது," என்றாள் அவள் கறாராக. உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வேற என்ன தருவீங்க, சொல்லுங்க."