ஒட்டகத்தில் முதலில் ஏறிய பை

அம்பலவாணன் உயிரோடிருந்தவரை, லண்டன் மனோர் பார்க்கில் பக்கத்து வீட்டு மாலினியின் கதவோரத்தில் அடிக்கடி ஒரு நீலப் பை வந்து குந்தியிருக்கும். ராகுகாலத்தில் அவர் எந்தப் பயணத்துக்கும் வாசல் தாண்டமாட்டார். ஆனால் விமானமும் ரயிலும் பஞ்சாங்கம் பார்த்து ஓடுவதில்லையே. அதனால் நல்ல நேரத்திலேயே பையைக் கொண்டுபோய் மாலினி வீட்டில் வைத்துவிடுவார். பை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. பிறகு ராகுகாலத்தில் போனாலும் குற்றமில்லை. பரஸ்தானம் என்று அதற்குப் பெயர்.

“ராகுவுக்குக் கண் தெரியாதோ? பையை ஆளெண்டு நினைக்குமோ?” என்று நாற்பது வருடம் பகிடி பண்ணியவள் அவர் மனைவி தவநாயகி.

அவர் போன இரண்டாம் வருடம், மாலினி அவளை மொரோக்கோப் பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். லண்டனுக்கு வருமுன் பாரிஸில் பதினைந்து வருடம் இருந்தவள் மாலினி. பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தவநாயகிக்கு ஒரே ஆசை, ஒட்டகத்தில் ஏறவேண்டும். முழங்கால் காலை வாரிவிடுமோ என்று, ஒரு மாதம் முன்பிருந்தே வரவேற்பறைச் செற்றியின் கைப்பிடியில் காலைத் தூக்கிப் போட்டு ஏறி இறங்கிப் பழகினாள். சாமான் வைக்க அந்த நீலப் பையையே எடுத்துக்கொண்டாள். ஸிப் நல்லதாம்.

கடைசி நாள், மணற்குன்றுகளின் ஓரத்துச் சிற்றூரில், ஒட்டகக்காரர் இத்தரின் வீட்டில் தேத்தண்ணி. இத்தரின் மனைவி புதினா போட்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினாள். மூன்று கிளாஸ் குடிக்காமல் எழும்ப விடவில்லை. தவநாயகி கொண்டுபோன மிக்ஸரை ஒரு வாய் போட்டவள், உறைப்பில் கண் கலங்க, இன்னொரு கைப்பிடி அள்ளினாள்.

வெளியே ஒட்டகம் கால் மடித்துப் படுத்திருந்தது. தவநாயகி சேணத்தில் கை வைத்தாள். பிறகு ஏனோ மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலேமுக்கால்.

“மாலினி, இண்டைக்கு ஞாயிறு எல்லோ?”

“ஓம். அதுக்கென்ன?”

“நாலரையிலயிருந்து ஆறு மட்டும் ராகுகாலம்.”

தன் ஒட்டகத்தில் ஏற்கனவே ஏறியிருந்த மாலினி குனிந்து பார்த்தாள். “ஆர் கதைக்கிறது? தவமக்காவோ, அம்பலவாணண்ணையோ?”

“சிரியாதையும். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனா ஏறேலாமல் கிடக்கு.”

அவர் இருந்திருந்தால், அவரைச் சீண்டுவதற்கென்றே முதல் ஆளாக ஏறியிருப்பாள். இப்போது சீண்ட ஆளில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குக் காவலிருக்க அவள் ஒருத்திதான் மிச்சம்.

ஆறு மணிக்குப் பிறகு போகலாமா என்று மாலினி பிரெஞ்சில் கேட்டாள். இத்தர் மேற்கே கையைக் காட்டினார். பொழுது பட்டுவிடும், இருட்டில் புது ஆட்களை ஏற்றமாட்டார். வேண்டுமானால் இரவு தங்கும் கூடாரத்துக்கு ஜீப் இருக்கிறது. மறுநாள் விடிய ஊருக்குத் திரும்ப வேண்டும்.

“ஜீப்பில போறன்,” என்றாள் தவநாயகி. தன் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. “என்ர பையை எடுத்துத் தரச் சொல்லும்.”

இத்தர் அவளுக்கென்று நிறுத்திய ஒட்டகத்தின் விலாவைக் காட்டினார். நீலப் பை அங்கே கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தது.

மாலினி பையைப் பார்த்தாள். பிறகு இத்தரிடம் ஏதோ கேட்டாள். அவர் நெஞ்சில் கை வைத்துப் பதில் சொன்னார்.

“எப்ப கட்டினதெண்டு கேட்டனான். அஸர் தொழுகை முடிஞ்ச கையோடயாம், நாலு மணி. தொழுகை நேரத்தில தனக்குப் பிழை வராதாம்.” மாலினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அக்கா, நீங்கள் நாலு மணிக்கே வெளிக்கிட்டிட்டீங்கள். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்ததால தெரியேல்லை.”

தவநாயகி சிரித்தாள். சேணத்தைப் பிடித்துக்கொண்டு, வயிறு நோகச் சிரித்தாள். பிறகு பழகியபடியே காலைத் தூக்கிப் போட்டாள். முழங்கால் சொன்ன சொல் கேட்டது. ஆனால் ஒட்டகம் பின்னங்காலை முதலில் நிமிர்த்தி அவளைக் குப்புறச் சரித்தபோதுதான், செற்றி எழும்பி நிற்பதில்லை என்பது உறைத்தது. அடுத்த கணம் அவள் உயரத்தில் இருந்தாள். குன்றுக்குப் பின்னால் இன்னொரு குன்று, செம்மஞ்சளாய். நடைக்கு நடை பை அவள் காலில் தட்டிக்கொண்டே வந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாலினி கதவைத் திறந்தாள். நீலப் பையோடு தவநாயகி.

“லெஸ்டருக்குப் போறன். பன்னிரண்டேகாலுக்குத்தான் கோச். இது இங்கை இருக்கட்டும்.”

“ராகுவுக்குக் கண் தெரியாதோ, அக்கா?”

“தெரியாது. ஒட்டகத்தில வச்சுப் பாத்திட்டன்.”

பையை வைத்த இடத்தில் கொஞ்சம் மணல் உதிர்ந்தது.

“வெளிக்கிட்டது சரி,” என்றாள் மாலினி, “இதைக் கூட்டிப்போட்டுப் போங்கோ.”