நடுவில் இல்லாத நாலு பக்கம்

நாலே நாலு பக்கம். எகிப்தில் கிடைத்த, பைபிளில் சேராத அந்தப் பழைய நற்செய்தி ஏட்டில் வேறு எந்தப் பக்கம் தொலைந்திருந்தாலும் ராஜினி பொறுத்துக்கொண்டிருப்பாள். மகதலா மரியாள் வாய் திறந்து, தான் கண்டதைச் சொல்லத் தொடங்கிய இடத்தில்தானா அந்த நாசமாய்ப்போன நாலு பக்கமும் இல்லாமல் போகவேண்டும்?

ராஜினி கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் கிறிஸ்தவ சமயம் படிப்பிக்கிறவள். வீடு ஸ்கந்தபுரத்தில். முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்து ஐந்து வருடமாகிறது. இயேசுவின் சீடர்களுக்குள் மகதலா மரியாளின் இடம் என்ன என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு. அதை எடுத்த நாள்முதல் நிம்மதி இல்லை. திருச்சபை ஒதுக்கிவைத்த ஞானவாதக் கூட்டத்தார் இந்தப் பெண்ணை முன்வரிசையில் இருத்தினார்கள். பிறகு வந்த பாப்பரசர் ஒருவரோ, ஒரே பிரசங்கத்தில் பைபிளில் வரும் மூன்று பெண்களை ஒருத்தியாக்கி, அவளைப் பாவியென்று அழவைத்துவிட்டுப் போனார். அந்தச் சிக்கலைப் பிரித்தெடுக்கத் திருச்சபைக்கு ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது.

தொலைந்த நாலு பக்கத்துக்கு முன்னால், இயேசுவின் தலைமைச் சீடர் பேதுருவே மரியாளிடம் கேட்கிறார்: எங்களுக்குத் தெரியாதது ஏதும் உனக்குத் தெரிந்தால் சொல்லு என்று. அவள் தொடங்குகிறாள். அவ்வளவுதான், பக்கம் இல்லை. ஏடு மறுபடி தொடங்கும்போது அவள் சொல்லி முடிக்கப்போகிறாள். முடித்ததும் அதே பேதுரு, எங்களை விட்டுவிட்டு ஒரு பெண்ணிடமா இயேசு இதையெல்லாம் சொன்னார் என்று சண்டைக்கு நிற்கிறார். அந்த இடத்தை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் ராஜினிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேராசிரியருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மூன்றாம் முறையும் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஓரத்தில் சிவப்பில் ஒரே வரி: "ஊகம். சான்று எங்கே?" மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் வாய்க்காலில் ஊற்றிய தண்ணீர்.

இந்தக் கடுப்புக்குள்தான் கோயில் மலர் வந்து தலையில் விழுந்தது. ஊர் மாதா கோயிலுக்கு ஐம்பதாவது ஆண்டு. பெருநாளுக்குச் சிறப்பு மலர் வெளியிட வேண்டும், படித்த பிள்ளை நீதான் எழுதவேண்டும் என்று கோயில் மூப்பர் தவராசா ஒற்றைக் காலில் நின்றார். மறுக்க முடியவில்லை. தவராசா கதிரையில் சாய்ந்து வரலாறு சொன்னார், ராஜினி கணினியில் தட்டினாள். இரண்டு பின்னேரத்தில் ஐம்பது வருடத்தையும் முடித்துவிட்டாள்.

அதில் ஒரு பந்தி, போருக்குப் பிறகு மாதா சொரூபம் கிடைத்த கதை. ஊரே இடம்பெயர்ந்து, வவுனியா முகாமில் தங்கி, இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பத் தொடங்கியபோது, இடிந்த கோயிலுக்குள் ஓட்டுக் குவியலின் அடியில் ஒரு கீறலும் இல்லாமல் சொரூபம் கிடந்தது. "மூப்பர் திரு. தவராசா அவர்களும் இரு இளைஞர்களும் கண்டெடுத்தனர்" என்று எழுதினாள். அன்றைய படம் ஒன்றையும் தவராசா தந்தார். பக்கத்துக்குள் அடங்காமல் படம் அகலமாக இருந்தது. ஓரத்தில் நின்ற யாரையோ வெட்டி அடக்கினாள்.

அந்த இரண்டு பின்னேரங்களுக்குள் ஒரு தடவை அழகம்மா படலையடியில் வந்து நின்றாள். கோயில் கூட்டுகிறவள். எழுபத்தேழு கலவரத்தோடு மலையகத்திலிருந்து தாயின் இடுப்பில் வந்து சேர்ந்தவள். சைவக்காரி. நெற்றியில் திருநீற்றோடு அவள் மாதா கோயில் கூட்டுவதில் ஊருக்கு எந்தக் குறையும் இல்லை. பெருநாளில் அப்பம் பங்கிடும்போது மட்டும் அவள் எப்போதும் கடைசியில்தான் நிற்பாள்.

"டீச்சர், கோயில் புத்தகம் எழுதுறீங்களாமே? மாதா கெடைச்ச கதைய ஒங்களுக்குச் சொல்லணும்."

"பிறகு வாங்கோ அழகம்மாக்கா. இப்ப முக்கியமான வேலையா இருக்கிறன்."

மலரை மூடிவிட்டு அப்போதுதான் ஆய்வைத் திறந்திருந்தாள். இயேசுவின் கல்லறையில் கண்டதை மரியாள் போய்ச் சொன்னபோது ஆண்கள் அதை வீண்பேச்சென்று தள்ளிய இடத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அழகம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அரியண்டம் தொலைந்தது என்றுதான் ராஜினி நினைத்தாள்.

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் அச்சகத்திலிருந்து மலர்க்கட்டுகள் வந்து கோயில் விறாந்தையில் இறங்கின. முந்நூறு பிரதி. தவராசா ஒன்றை எடுத்துத் தன் படத்தைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக நின்றார். அழகம்மாவும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, ஒன்றை எடுத்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவள். ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"டீச்சர், இங்க வாங்க."

ராஜினி போய்ப் பார்த்தாள். நடுவில் மாதா, பின்னால் மூன்று ஆண்கள். சொரூபத்தின் அடியை ஒரு கை தாங்கிப் பிடித்திருந்தது. மெலிந்த கை, இரண்டு பிளாஸ்ரிக் வளையல். மணிக்கட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. படம் அங்கே முடிந்திருந்தது.

"இது என் கை," என்றாள் அழகம்மா. "மிச்சம் எங்க?"

மிச்சம் அவளுடைய கணினியில் இருந்தது.

"மொதல்ல பாத்தது நான். மிதிவெடி கெடக்குன்னு எல்லாரும் பயந்தப்ப, தனியாப் போய்ப் பாத்தேன். பஸ் ஏறி வவுனியா போய், அப்ப முகாமுல இருந்த இவருக்கிட்டத்தான் சொன்னேன். கேளுங்க."

ராஜினி தவராசாவைப் பார்த்தாள். "உண்மையே அண்ணை?"

தவராசா தலையைச் சொறிந்தார். "ஓம், வந்து சொன்னவதான். வெயிலுக்க அலைஞ்சு ஏதோ கண்டிட்டு வந்து கதைக்கிறா எண்டு நினைச்சம். மிதிவெடி கிடக்கிற இடத்துக்கு, ஒரு பொம்பிளையின்ர கதையைக் கேட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகேலுமே பிள்ளை? மூண்டு கிழமை கழிச்சு நாங்கள் போய்ப் பாத்தம், இருந்தது."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே. இப்ப அச்சடிச்சும் போட்டாங்கள். அடுத்த மலரில பாப்பம்."

"அடுத்த மலர் எப்ப அண்ணை? நூறாவது ஆண்டுக்கோ?" ராஜினியின் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது. "அப்ப நீங்களும் இருக்க மாட்டியள், நானும் இருக்க மாட்டன். இந்தப் புத்தகம்தான் இருக்கும்!"

தவராசா பூ அலங்காரத்தைப் பார்க்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவரைப் பார்த்துக் கத்தியதில் ராஜினிக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. எழுதியது அவரில்லை. வெட்டியதும் அவரில்லை.

"அழகம்மாக்கா, நான் பிழை விட்டிட்டன். முழுப் படத்தையும் போட்டு, உங்கட பேரையும் போட்டு, ஒரு திருத்தம் அடிக்கிறன். இண்டைக்கே முந்நூறிலயும் ஒட்டுறன்."

"என்னான்னு எழுதி ஒட்டுவீங்க?"

"நீங்கள்தான் முதல் கண்டதெண்டு."

"அவ்வளவுதானா?" அழகம்மா மலரை மூடிக் கட்டின்மேல் வைத்தாள். "உள்ள எப்படிப் போனேன், எதைத் தள்ளினேன், கையில என்னா குத்திச்சு, பஸ்ஸுல என்னா நெனைச்சுக்கிட்டுப் போனேன், ஒண்ணும் ஒங்களுக்குத் தெரியாதே டீச்சர்."

"சொல்லுங்கோ அக்கா. இப்பவே எழுதுறன்." ராஜினி அவசரமாகக் கைப்பைக்குள் பேனையைத் தேடினாள்.

"இப்ப கூட்டணும். பெருநா முடியட்டும், எங்க வீட்டுக்கு வாங்க. உக்காந்து கேக்கணும்." விளக்குமாற்றை எடுத்தவள் திரும்பி நின்றாள். "இவரு நம்பல. அது அவரோட போகட்டும். ஆனா நான் சொல்லி முடிச்சப்பறந்தான் அவரு நம்பல. நீங்க என்னை வாயத் தொறக்கவே விடலையே."

சொல்லிவிட்டு முற்றத்தைக் கூட்டப் போனாள்.

ராஜினி மலர்க்கட்டுகளுக்குப் பக்கத்தில் பேனையோடு நின்றாள். பேதுருவை ஐந்து வருடமாகத் திட்டித் தீர்த்திருக்கிறாள். அந்த மனிதர் மரியாளை நம்பவில்லைதான். ஆனால் முதலில், சொல்லு என்று அவளைக் கேட்டவர்.