நெய் விழுந்த ஷிரோ

அன்று செண்டாஃபா ஓட்டக் கிளப்பின் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலில் கோச் கெட்டானே. எல்லோரும் அவரைக் காஷே என்பார்கள். தான் விரதம் இருப்பார், தன் ஓட்டக்காரர்கள் விரதம் இருந்தால் எரிந்து விழுவார். அடுத்தது யெஷிமெபெத், சுருக்கமாக யெஷி, பாஸ்கா பண்டிகைக்கு முந்தைய பெரிய விரதம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வேளையும் முறிக்காதவள். விரதம் வேண்டாம் என்று காஷே சொன்னதும் சந்தோஷமாகத் தலையாட்டிய சிகெரெதா. கடைசியாக அஸ்சலேவ். பெண்களுக்கு முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. பெந்தேகோஸ்தே சபைக்காரன், ஆகவே விரதமே கிடையாது. ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பில் நெய் போட்டவனும் அவன்தான்.

யெஷி சட்டியின் மூடியைத் திறந்தாள். உடனே மூடினாள்.

"யார் கை இது?"

இத்தனை வாரமாக நெய், பால், முட்டை, கறி எதுவும் அண்டாத மூக்கு அது. தெருக்கோடியில் வெண்ணெய் உருக்கினால்கூட எந்த வீடு என்று சொல்லிவிடும். அஸ்சலேவ் இதை யோசித்திருக்க வேண்டும். காலையில் காஷே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு கரண்டி போடுடா, எலும்பும் தோலுமா நிக்கிறா. போடற நீ பெந்தே, உனக்குப் பாவமில்ல. தெரியாம தின்னா அவளுக்கும் பாவமில்ல" என்றபோது, அது நியாயமாகத்தான் பட்டது.

"நான்தான்" என்றான்.

"உன் கோயில்ல போய்க் கை தட்டிப் பாடு, பெந்தே. என் சட்டியில என்னடா வேலை உனக்கு?"

சிகெரெதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் சொல்லித்தான் போட்டான்" என்றார் காஷே. "வியாழக்கிழமை தேர்வு ஓட்டம். கடலை மாவைக் கரைச்சுத் தின்னுட்டு அந்த மேட்டுல ஏறுவியா? கோழிக்கே புழு வேணும்டி."

"கோழி தின்னட்டும் காஷே. உங்க அப்பா மூட்டையெல்லாம் சந்தைக்குச் சுமந்தது எது? கழுதைதானே? அதுக்கு யாரு நெய் ஊத்தினா?"

காஷேவுக்கு முகம் சிவந்தது. இந்த ஊரில் அவரிடம் இப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். கிளப் அறையை விட்டால் அவளுக்கு செண்டாஃபாவில் தலை சாய்க்க இடமில்லை. பஸ் ஏறி வந்த மலைக்கிராமத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அங்கே ஓடுகிற பெண்ணுக்கு ஒரே வேலை, கல்யாணம்.

"சரி. வந்துட்டா?"

"வந்துட்டா என்ன வேணும்?"

"பாஸ்கா வரைக்கும் இந்தச் சமையலறை என்னுது. சாவியோட."

காஷே தலையை ஆட்டினார். கொடுக்க வேண்டியிருக்காது என்கிற தைரியம்.

பிற்பகல் பூசை முடிந்து மணி அடிக்கும்வரை அவள் வாயில் தண்ணீர்கூடப் படாது. காலைப் பயிற்சி முழுக்க வெறும் வயிற்றில். அன்று மணி அடித்ததும் பையிலிருந்து வறுத்த வாற்கோதுமையை எடுத்துக் கொறித்தாள். நெய் பட்ட சட்டியை வாசலில் வைத்துவிட்டு, சந்தையில் புது மண்சட்டி வாங்கி வந்தாள். அதன் பிறகு அவள் சாப்பிட்டதைப் பார்த்து அஸ்சலேவுக்கே மூச்சு வாங்கியது. மசூர்ப் பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, தட்டை மறைக்கிற இஞ்செரா அப்பம், அதன்மேல் இன்னொன்று. வாற்கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு செம்பு, ஆளிவிதை அரைத்து ஒரு செம்பு. தின்றுவிட்டுக் கட்டை மாதிரித் தூங்கினாள். எழுந்து மறுபடி தின்றாள். பட்டினி கிடக்கிறவள் என்று அவளை நினைத்திருந்தது மடத்தனம். சாப்பிடுவதையும் ஒரு உழைப்பாகச் செய்கிறவள் அவள்.

இங்கே தனியாக ஓடுகிறவனை யாரும் நம்புவதில்லை. தைலமரக் காட்டில் எல்லோரும் ஒரே வரிசையாக ஓட வேண்டும், முன்னால் போகிற காலைப் பார்த்துப் பின்னால் வருகிற கால் விழ வேண்டும். மற்றவர்கள் அஸ்சலேவின் காலை ஏதோ ஒரு நேரம் தவறவிடுவார்கள். யெஷி விட்டதில்லை. ஒரு ஆளுக்கு நான்கு கால் முளைத்த மாதிரிச் சத்தம் கேட்கும்.

வியாழக்கிழமைக் காலை கல் ரோட்டில் பனி இறங்கியிருந்தது. அஸ்சலேவ் முன்னால், பெண்கள் பின்னால். மேட்டின் அடிவாரம்வரை இழுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது அவன் வேலை. ஒதுங்கியதும் காஷேவின் வேனில் ஏறிக்கொண்டான்.

மேட்டில் சிகெரெதா பிய்த்துக்கொண்டு போனாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். யெஷி நாலாவது. இடைவெளி கூடியது.

"பாத்தியா?" என்றார் காஷே. "மாவு கரைஞ்சு போச்சு."

அஸ்சலேவ் அவள் தோளைப் பார்த்தான். தோள் ஏறவில்லை, கை அலையவில்லை. கண் முன்னால் போகிறவளின் குதிகாலில் இருந்தது. எட்ட இருந்தாலும் அந்தக் காலைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். மேடு முடிந்ததும் அந்தக் குதிகால் தடுமாறியது. யெஷியுடையது தடுமாறவில்லை. வேகம் கூட்டியதாகக்கூடத் தெரியவில்லை. ரோடுதான் சுருங்கியது.

காஷே ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். "ஐசோஷ், யெஷி! விடாதே! பக்கத்துல வந்துட்ட, இடது பக்கம் போ!" தன்னை மறந்து வேனின் தகரத்தில் தட்டினார். டிரைவர் வேனுக்காகப் பரிந்து திட்டினான்.

மூன்றாவதாக வந்தாள். முதலாவது சிகெரெதா. மறைக்க ஒன்றுமில்லை, முட்டை தின்றவள்தான் ஜெயித்தாள். ஆனால் எல்லைக்கோட்டில் சிகெரெதா மண்ணில் கிடந்தாள், யெஷி நின்றுகொண்டிருந்தாள். அஸ்சலேவ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கி முகத்தைக் கழுவினாள், உதட்டைத் துடைத்தாள், மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"குடி, யெஷி. இன்னைக்கு ஒரு நாள்."

"மணி அடிக்கட்டும்."

அஸ்சலேவ் அற்புதங்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்த சபைக்காரன். மேடையில் ஊன்றுகோல்களைத் தூக்கி எறிந்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறான். வெயிலில் நாக்கு வறண்டு ஒருத்தி பாட்டிலை மூடியதற்குப் பக்கத்தில் அவை நிற்காது என்று தோன்றியது. சபையில் இதைச் சொல்ல முடியாது.

காஷே சாவியைக் கொடுக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸ்கா வரைக்கும்தான்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பருப்பு மிச்சமிருந்தா எனக்கும் ஒரு தட்டு வை. நானும் விரதம்தானே" என்றார்.

மணி அடித்த பிறகு அஸ்சலேவ் முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தான். பசி அவனுக்கும் இருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்தது.

"மடியில என்ன?"

"முட்டை. ஒரு ஓரமா வேகவச்சுக்கறேன்."

"வெளிய போ."

"அடுப்பு ஒண்ணுதானே இருக்கு!"

"முற்றத்துல கல்லு கிடக்கு. மூணு எடுத்து வை, அடுப்பு."

"காலையில மேடு வரைக்கும் உன்னை இழுத்துட்டுப் போனது யாரு?"

"நீதான். நல்லாத்தான் இழுத்த." முதல் தடவையாகச் சிரித்தாள். "மேட்டை யாரு ஓடினா? போடா பெந்தே, பருப்பு வெந்ததும் ஜன்னல் வழியா தர்றேன்."

முட்டைகளை அணைத்தபடி அவன் படி இறங்கினான். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.