பக்கத்து வீட்டுச் சாம்பார் வாசனை

ஆஸ்டின் டவுனில் எலக்ட்ரீஷியன் நாகேஷைப் பற்றி யாரைக் கேட்டாலும் கை சுத்தம் என்பார்கள். அதே மூச்சில், ஆளைப் பிடிக்க முடியாது என்பார்கள். போன் செய்தால் உடனே எடுப்பான், மரியாதையாகப் பேசுவான், "நாளைக்கு வந்துடறேன்க்கா" என்பான். அந்த நாளைக்கு எந்தக் கிழமையில் வரும் என்பது அவன் பெண்டாட்டிக்கே தெரியாது. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. சொல்கிற நேரத்தில் கண்டிப்பாகப் போய்விடுவோம் என்றுதான் நினைப்பான். இந்த மாதிரி ஆட்களிடம்தான் நாம் நன்றாக ஏமாறுகிறோம்.

ஆனால் அன்று சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். ஆடுகோடி ஏரியாவில் இருக்கும் அந்த ஐந்து மாடிக் குடியிருப்புக்குள் அவன் காலெடுத்து வைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இடையில் வாட்ச்மேன் கோவிந்தப்பா நாலைந்து தடவை கூப்பிட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தான். இந்தத் தடவை அவர், "இன்னாப்பா, இந்த பில்டிங்னா மட்டும் வர மாட்டேங்கிற?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வந்தான்.

மூன்றாவது மாடி, 304. குடியிருந்தவள் வைஷ்ணவி. ஈரோட்டுப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. படுக்கையறைச் சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டைத் தூரத்தில் நின்றே காட்டினாள்.

"சிரிக்காதீங்கண்ணா. இதுக்குள்ள யாரோ பேசறாங்க."

நாகேஷ் சிரிக்கவில்லை.

"தினமும் மத்தியானம் மூணு மணிக்குங்க. ஒரு பொம்பளைக் குரல், தமிழ்தான். கூடவே ஊதுபத்தி வாசனை. பக்கத்து வீடு பூட்டித்தான் கிடக்குதுன்னு வாட்ச்மேன் சொல்றாரு. அங்க ஒருத்தங்க..."

"தெரியும் மேடம்" என்றான் அவசரமாக.

தெரியாமல் என்ன? ஒன்றரை வருடத்துக்கு முன் தீப்பிடித்தது இந்த 304-இல்தான். வீட்டில் ஆளில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து கிளம்பி இந்த அறை முழுக்க எரிந்தது. பிறகு இந்தப் பக்கத்துப் பலகையையும் ஸ்விட்சையும் மட்டும் மாற்றி வாடகைக்கு விட்டார்கள். இறந்தது பக்கத்து 305-இல் இருந்த தாரணி. ராத்திரி ஷிப்ட் முடித்துவந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தவள் புகையில் மூச்சடைத்துப் போனாள். நெருப்பு அந்த வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வராந்தாவில் பரவிய புகை 305-இன் வாசல் கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியே போயிருக்கிறது என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள். எல்லோரும் அதையே நம்பினார்கள். அது அப்படியில்லை என்று ஊரில் ஒரே ஒருவனுக்குத்தான் சந்தேகம். அவன் அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நாகேஷ் திருகாணிகளைக் கழற்றி ஸ்விட்ச் தட்டை எடுத்தான். பெட்டியை மெல்ல வெளியே இழுத்தான். உள்ளே இருட்டுக்கு நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. அது அந்தப் பக்கத்து வீட்டு வெளிச்சம். மல்லிகை ஊதுபத்தி வாசனை மூக்கில் ஏறியது. சரியாக மூன்று மணிக்குக் குரல் வந்தது.

"சாப்ட்டியா? நான் இப்பத்தான் எழுந்தேன். கட்டிலாண்ட இருக்கற ஸ்விட்ச்ல பக்கத்து வீட்டு சாம்பார் வாசனை வருதுன்னேனே, எலக்ட்ரீஷியன்கிட்ட மறுபடி பேசினேன். நாகேஷ்னு பேரு. நாளைக்கு வர்றேன்னாரு. நல்ல மாதிரியாப் பேசறாரு. வந்துடுவாரு."

ஸ்குரூடிரைவர் கையிலிருந்து விழுந்தது. அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். தாரணி அவனை மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். மூன்றாவது தடவை அவன், "பக்கத்து வீட்டு சாம்பாருக்கு எலக்ட்ரீஷியன் இன்னாக்கா பண்ணுவான்? ஒரு கிண்ணம் எடுத்துனு போய் வாங்கிக்கோங்க" என்றான். அவளும் சிரித்தாள். அதற்குப் பன்னிரண்டாம் நாள் தீப்பிடித்தது.

"என்னாச்சுங்கண்ணா?" என்றாள் வைஷ்ணவி.

"சாமான் எடுத்துனு வரணும் மேடம். நாளைக்கு வர்றேன்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று உறைத்தது. மூன்று மாடியும் படியிலேயே இறங்கி ஓடினான்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. டி.வி.க்கு மேலே இருந்த சிவப்பு யானை பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே செங்கல் கிடையாது. இரும்புச் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் தீ தாங்கும் பலகை, நடுவில் எரியாத பஞ்சு. கட்டும்போது என்ஜினியர் சேஷகிரி எல்லா எலக்ட்ரீஷியன்களையும் நிறுத்திவைத்துச் சொன்னார். இந்தச் சுவர் இரண்டு மணி நேரம் தீயை நிறுத்தும், நீங்கள் போடுகிற ஓட்டைதான் அதற்கு எமன். இந்த வீட்டுப் பெட்டியும் அந்த வீட்டுப் பெட்டியும் முதுகோடு முதுகு ஒட்டக் கூடாது, இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். பஞ்சைப் பிடுங்காதீர்கள். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் களிமண் மாதிரி இருக்கிற இந்தச் சிவப்புப் பட்டையை ஒட்டி மூடுங்கள். சூடு பட்டால் அது உப்பிக்கொண்டு ஓட்டையை அடைத்துவிடும்.

நாகேஷ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். முதல் இரண்டு மாடிக்கும் ஒழுங்காகச் செய்தான். பார்வையிட வந்தவர்கள் அதோடு திரும்பிப் போனதும் மூன்றாவது மாடியில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. நீளமான டிரில் பிட்டால் இங்கே துளைத்தால் அடுத்த வீட்டில் முனை வெளியே வந்துவிடும். ஒரே அளவில் இரண்டு வீட்டு வேலையும் முடிந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கையில் குத்திய பஞ்சைப் பிடுங்கிப் போட்டான். சிவப்புப் பட்டை ஒட்டினால் நேரமாகும் என்று அட்டைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்தான். கூட வேலை செய்தவர்கள் பலே என்றார்கள். வெட்கம் என்னவென்றால், அவனுக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பட்டையில் ஒன்றை எடுத்துத்தான் மகள் மகா அந்த யானையைச் செய்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. களிமண் என்றால் காய்ந்து வெடித்திருக்கும். இது இத்தனை வருடமாகியும் காயவில்லை, தொட்டால் இன்னும் மெத்தென்று அமுங்கும். சாயங்காலம் மகா டி.வி. போட்டபோது யானை தன்னையே பார்ப்பதுபோல இருந்தது நாகேஷுக்கு. எழுந்துபோய் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தான்.

"ஏம்ப்பா?" என்றாள் மகா.

"சும்மா" என்றான்.

மறுநாள் பரணிலிருந்த அட்டைப் பெட்டியை இறக்கி வண்டியில் கட்டினான். யானையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. 304 பக்கத்திலிருந்தே ஒரு பட்டையை ஒட்டிவிட்டால் போதும் என்பதுதான் அவன் கணக்கு. குரல் நிற்கும், வாசனை நிற்கும், விஷயம் சுவருக்குள்ளேயே அடங்கிவிடும். பேயாக இருந்தால் அதுவும் அந்தப் பக்கமே இருந்துகொள்ளட்டும்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவது மாடி ஏறினான். 305-ஐப் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தான். கதவுக்கு அடியில் ஊதாநிறத் துணி ஒன்று பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. நேற்று அது இல்லை. பழைய புடவையைச் சுருட்டி யாரோ உள்ளேயிருந்து அடைத்திருந்தார்கள். பேய்க்குப் புகையைக் கண்டு பயம் இருக்காது, உள்ளே இருப்பது மனுஷன்தான் என்று புரிந்தது. அந்தப் புகைக்கு இன்னும் பயப்படுகிறவன் தாரணியின் புருஷனாகத்தான் இருக்கும் என்பதும் புரிந்துவிட்டது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். கதவைத் தட்டினான்.

தாரணியின் கணவன் சந்தானம் திறந்தான். முப்பத்தைந்து வயதுக்குள் தலை பாதி நரைத்திருந்தது. கார் ஷோரூம் சட்டை போட்டிருந்தான்.

"எலக்ட்ரீஷியன் சார். பக்கத்து வீட்ல வேலை."

"இங்க ரிப்பேர் எதுவும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே சந்தானம் குனிந்து, விலகிப்போன புடவையைக் காலால் சரிசெய்தான். நாகேஷ் பார்ப்பதைக் கண்டதும் அவன் முகம் மாறியது. "மழையில கதவு உப்பிடுச்சு. தரையில இடிச்சுச் சத்தம் வரும். அவ பகல்ல தூங்கறவ, முழிச்சுக்கறாளேன்னு நானே அடியில அரை இஞ்ச் இழைச்சேன். அது வழியாத்தான் புகை போச்சு. இப்ப விவேக் நகர்ல ரூம்ல இருக்கேன். சாப்பாட்டு நேரத்துல மட்டும், வாட்ச்மேன் அசந்திருக்கறப்ப, இங்க வந்து உக்காருவேன்."

யாரும் கேட்காமலே, மனப்பாடமாகச் சொன்னான். ஒன்றரை வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பவன் அப்படித்தான் சொல்வான். நாகேஷ் செருப்பைக் கழற்றினான்.

"அந்த ரூமை ஒரு தடவை பாக்கணும் சார்."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் தாரணியின் போட்டோ இருந்தது. முன்னால் ஊதுபத்தி. பக்கத்தில் போன். அவள் அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ்களைத்தான் தினமும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான் அவன். ஊதுபத்திப் புகை நேராக மேலே போகாமல் வளைந்து ஸ்விட்ச் போர்டுக்குள் நுழைந்தது.

"தினமும் அந்தப் பக்கமே சாயும்" என்றான் சந்தானம் மெல்ல. "அவ வந்து வாங்கிக்கறான்னு நெனச்சுக்குவேன்."

அந்த நினைப்பையும் பிடுங்க வேண்டுமே என்று நாகேஷ் மனதுக்குள் அழுதான். பேசாமல் தட்டைக் கழற்றினான். சுவரையும் தட்டையும் யாரோ துடைத்திருந்தார்கள், பெட்டியின் உட்புறத்தை யாரும் துடைக்கவில்லை. விரலை விட்டு எடுத்தான். நகக்கண் வரை கரி. பிறகு வாசலுக்குப் போய்க் கதவின் அடியை மற்றக் கை விரலால் தடவிப் பார்த்து வந்தான். வெறும் மரத்தூசிதான் இருந்தது. இரண்டு விரல்களையும் சந்தானத்திடம் காட்டிவிட்டு, பெட்டிக்கு நேரே குனிந்து கூப்பிட்டான்.

"வைஷ்ணவி மேடம்!"

"சொல்லுங்கண்ணா, எங்க இருக்கீங்க?" என்று சுவர் பதில் சொன்னது.

சந்தானம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"கதவு இல்ல சார். இந்த ஓட்டைதான். இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரே துளையா நான்தான் போட்டேன். என் பேரு நாகேஷ். அக்கா மூணு தடவை கூப்ட்டாங்க. நாளைக்கு வர்றேன்னு சொன்னேன், வரல." சட்டைப்பையிலிருந்து யானையை எடுத்து நீட்டினான். "இதுதான் சார் அந்தப் பெட்டிக்குப் பின்னால இருந்திருக்கணும். நான் என் பொண்ணுக்கு வெளையாடக் குடுத்துட்டேன்."

சந்தானம் யானையை வாங்கினான். கட்டைவிரலால் அதன் முதுகை அமுக்கினான். குழி விழுந்தது. நாகேஷ் அடியை எதிர்பார்த்து நின்றான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சந்தானம் போனை எடுத்து ஒரு எண்ணைத் தேடினான்.

"திருப்பத்தூர்ல என் மாமனாரு இருக்காரு, சுந்தரம்னு பேரு. காரியத்தன்னிக்கு, 'எம்பொண்ண கதவை இழைச்சுக் கொன்னுட்டியேடா'ன்னாரு. அதோட என்கிட்ட பேசறதில்ல. நான் பண்ணா எடுக்க மாட்டாரு. உன் போன்ல பண்ணு. நீயே சொல்லு."

நாகேஷ் தன் போனில் அந்த எண்ணை அழுத்தினான். விரல் கரி திரையெல்லாம் அப்பியது. ஸ்பீக்கரில் போட்டான். கிழவர் எடுத்தார். நாகேஷ் பேரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், ஓட்டையைச் சொன்னான், பஞ்சைப் பிடுங்கியதைச் சொன்னான், மூன்று தடவை கூப்பிட்டும் வராததைச் சொன்னான். போலீஸில் வந்தும் இதையே சொல்கிறேன் என்றான். மறுமுனையில் பஸ் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப அந்தக் கதவு?" என்றார் கிழவர்.

"கதவு இல்லீங்க ஐயா. கதவுல ஒரு தப்பும் இல்ல."

கிழவர் தொண்டையைச் செருமினார்.

"போனை மாப்பிள்ளைகிட்டக் குடுப்பா."

சந்தானம் இரண்டு கையாலும் போனை வாங்கினான். காதில் வைத்துக்கொண்டு, "மாமா" என்றான்.

அங்கே நிற்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நாகேஷுக்குத் தெரிந்தது. வெளியே வந்தபோது புடவை காலில் தட்டியது. அதை எடுத்து மடித்து நாற்காலிமேல் வைத்துவிட்டு 304-க்குப் போனான். வைஷ்ணவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம்தான் கேட்டிருக்குமே.

பஞ்சைத் திணித்தான். சிவப்புப் பட்டையைப் பெட்டியின் முதுகில் வைத்து, மூலை மூலையாக, பைப் நுழையும் இடம் வரை அழுத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் சந்தானம் வாய்விட்டு அழுவது கேட்டது. அழுத்த அழுத்த அழுகை சன்னமாகிக்கொண்டே போனது. கடைசி இடுக்கையும் கட்டைவிரலால் மூடியதும் நின்றுவிட்டது. காதை வைத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. அடைப்பு சரியாக விழுந்திருந்தது.

"இனிமே கேக்காதுங்களாண்ணா?" என்றாள் வைஷ்ணவி.

"உங்களுக்குக் கேக்காது மேடம்."

அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவன் இப்படித் துளைத்தது அந்த மாடியில் இன்னும் ஆறு வீடு இருந்தது, மேலே இரண்டு மாடி. 306-இன் மணியை அழுத்திவிட்டு நின்றபோது, பின்னால் யாருமில்லாத வராந்தாவில் தாரணியின் குரல் தெளிவாகச் சொன்னது. நல்ல மாதிரியாப் பேசறாரு. வந்துடுவாரு.