முன்னூறாவது பறவை

வெங்கட்டைக் கண்டாலே ஜெயரத்தினத்துக்கு வயிறு எரியும். பின்னே? பன்னிரண்டு வருஷமாகச் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து, கொசுக்கடி பட்டு இவர் பார்த்த பறவை இனங்கள் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மூன்று வருஷத்துக்கு முன்புதான் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன், நேற்று முளைத்த காளான், அவனும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது! போதாக்குறைக்கு "அண்ணா, அண்ணா" என்று குழைவு வேறு.

யார் முதலில் முன்னூற்றைத் தொடுவார் என்பதுதான் பறவை பார்ப்போர் குழுவில் இப்போது பேச்சு. ஒரு விதி உண்டு. படம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட நின்ற ஒருவர் "நானும் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்த விதியைப் போட்டவரே ஜெயரத்தினம்தான்.

ஏப்ரல் மாதம், வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் நேரம். கிராஞ்சி சதுப்புக்காட்டுப் பலகைப் பாதையில் இருவரும் நின்றிருந்தார்கள். மழை தூறியதால் கேமராக்கள் பைக்குள் போயிருந்தன. வெங்கட் அவர் முழங்கையைத் தொட்டான்.

"அண்ணா, அந்த வேர்கிட்ட! பிட்டா!"

சேற்றில் சருகைப் புரட்டிக்கொண்டு நின்றது நீல இறக்கை பிட்டா. பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இத்தனை வருஷம் இவருக்கு முகம் காட்டாத பறவை, இருவர் கணக்கிலும் இல்லாதது! ஐந்து விநாடிதான், தத்தித் தத்திப் புதருக்குள் போய்விட்டது.

"பாத்தீங்கல்ல?"

முதலில் கண்டவன் அவன். குழுவில் அவன் பெயர்தான் முன்னால் வரும். ஜெயரத்தினத்தால் தாங்க முடியவில்லை.

"எங்க? நான் ஒண்ணும் பாக்கல லா. இலை ஆடியிருக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பார்க்கவில்லை என்று சொன்ன பறவையைத் தன் நோட்டில் எப்படி எழுதுவது? எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டாயிற்று.

வெங்கட்டின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, என் கணக்கு கிடக்கட்டும்ணா. நீங்க பன்னெண்டு வருஷமாத் தேடுறீங்க. அது மறுபடி வெளிய வரும். நீங்க பாக்காம நாம கெளம்புறதில்ல."

மூன்று மணி நேரம் நின்றார்கள். தூறல் பெருமழையானது. வெங்கட் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தான். பறவை வரவேயில்லை. உண்மை ஜெயரத்தினத்தின் தொண்டைவரை வந்து வந்து திரும்பியது.

"அடுத்த சனிக்கிழமையும் வருவோம்ணா," என்றான்.

"ம்," என்றார். இப்படி ஒரு மனசு தனக்கு வாய்க்கவில்லையே என்று அவர் வயிறு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.